எச்.ஐ.வி.யோடு நிரந்தர வதிவிடம்: கனடாவா, ஆஸ்திரேலியாவா?

இரண்டு நாடுகளிலும் 15 வயதைத் தாண்டியவருக்கு மருத்துவப் பரிசோதனையில் எச்.ஐ.வி. சோதனை உண்டு. முடிவு பாசிட்டிவ் என்பதற்காக மட்டும் கதவை மூடுவதில்லை. சிக்கல் மருந்துச் செலவில்தான்: அரசுக்கு ஆகும் செலவு வரம்பைத் தாண்டினால் மறுக்கலாம்.

கனடாவின் வரம்பு 2024-இல் ஆண்டுக்கு 26,220 கனடிய டாலர், ஆண்டுதோறும் திருத்துவார்கள். ஐந்து ஆண்டுக்கு 1,31,100. ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலை முதல் மொத்தம் 86,000 ஆஸ்திரேலிய டாலர். பெரிதாகத் தெரிகிறதா? நிரந்தர விசாவுக்கு, வாழ்நாள் நோய் என்றால் பத்து ஆண்டுச் செலவுவரை கூட்டிப் பார்ப்பார்கள். ஆண்டுக்கு வெறும் 8,600தான்!

கனடாவில் வாழ்க்கைத்துணை, சார்ந்த பிள்ளைகள், அகதிகள் ஆகியோருக்கு இந்தச் செலவுக் கணக்கே கிடையாது. வேலைத்திறன் வழியில் போகிறவருக்கு, செலவு வரம்பைத் தாண்டும் என்று குடிவரவுத் துறையிலிருந்து ஆட்சேபக் கடிதம் வரலாம். அதற்குக் கெடுவுக்குள் பதில் அனுப்ப வேண்டும்: எந்த மருந்து, ஜெனரிக் விலை என்ன, வேலையிடக் காப்பீடு எவ்வளவு ஏற்கும் என்று மருத்துவர் கடிதத்தோடு காட்டவேண்டும். "நானே கட்டிக்கொள்வேன்" என்ற வெறும் உறுதிமொழி எடுபடாது.

ஆஸ்திரேலியாவில் செலவைக் கணக்கிடும்போது உங்கள் காப்பீட்டையோ சேமிப்பையோ பார்க்கவே மாட்டார்கள்; அதே உடல்நிலையுள்ள கற்பனை நபருக்கு ஆகும் செலவைத்தான் கணக்கிடுவார்கள். வரம்பைத் தாண்டினால் தப்பிக்கும் வழி, உடல்நிலை விதியிலிருந்து தரும் விலக்கு மட்டுமே. துணைவர் விசாவில் அது உண்டு, புள்ளிக் கணக்கில் தரும் 189 என்ற திறன் விசாவில் கிடையாது. விசா வகையைத் தவறாகத் தேர்ந்தால் கட்டணமும் போச்சு.

திறன் வழி மட்டுமே இருக்கிறவருக்குக் கனடாதான் எளிது.