பழைய பையா, பெட்டிச் செட்டா, கைமாறிய மட்டையா? மீண்டும் கோல்ஃப் ஆட வருபவருக்குச் சிக்கன அலசல்

கோல்ஃப் ஆட்டத்தை விட்டுப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆன பிறகு மறுபடி ஆசை வந்தவர்கள் எனக்குத் தெரிந்தே நிறையப் பேர். பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்டார்கள், இடமாற்றம் முடிந்து ஊர் திரும்பியாயிற்று, அல்லது மருத்துவர் தினமும் நடக்கச் சொல்லிவிட்டார். எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எதை வாங்கலாம்?

கடையில் புது டிரைவரின் (நெடுந்தூர முதல் அடிக்கான மட்டை) விலைச் சீட்டைப் பார்த்தால் பாதி ஆசை அங்கேயே அடங்கிவிடும். டெய்லர்மேட் கியூஐ10, கேலவே ஏஐ ஸ்மோக் இரண்டும் 2024-இல் வந்தபோது அமெரிக்காவிலேயே 599 டாலர். சுங்கமும் வரியும் சேர்ந்து நம் ஊர் அலமாரிக்கு வரும்போது ஒற்றை மட்டைக்கு ஐம்பதாயிரம் ரூபாய் போதாது. பையில் 14 மட்டை வரை வைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. பெருக்கிப் பார்க்க வேண்டாம்.

சிக்கனமாகத் திரும்ப நான்கு வழிகள் உண்டு. பரணில் கிடக்கும் பழைய பையைச் சீர்செய்வது ஒன்று. பெட்டியாக விற்கும் புதுச் செட்டு இன்னொன்று. நல்ல நிறுவனத்தின் மட்டைகளைச் செகண்ட் ஹேண்டாக வாங்குவது மூன்றாவது. போன ஆண்டு மாடலைத் தள்ளுபடியில் பிடிப்பது நான்காவது. இவற்றில் எது சிறந்தது என்று மொத்தமாகக் கேட்டால் உருப்படியான பதில் கிடைக்காது. பதில் மட்டைக்கு மட்டை மாறும். அயர்னுக்கு (எண் போட்ட உலோகத் தலை மட்டை) லேசில் வயதாவதில்லை. டிரைவருக்கு ஓரளவு வயதாகும். வெட்ஜ் (குறுந்தூரத்துக்குப் பந்தை உயர எழுப்பும் மட்டை) தேயும். ரப்பர் பிடி நிச்சயமாகச் செத்துப்போகும். ஆகவே ஒரே வழியில் முழுப் பையையும் நிரப்பப் பார்ப்பவர்தான் அதிகம் செலவழிக்கிறார்.

பரணில் இருப்பது

முதலில் செலவில்லாத வழி. பழைய பையை இறக்கி மட்டைகளைத் துடைத்துப் பாருங்கள். எஃகுத் தண்டில் மேலோட்டமான துரு இருந்தால் கவலையில்லை. மட்டையைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டும்போது உள்ளே பழுப்புத் தூள் கலகலத்தால் தண்டு உள்ளிருந்தே அரித்துவிட்டது என்று பொருள். கடற்கரை ஊர்களின் ஈரக் காற்றில் இது சகஜம். பல ஆண்டு கார் டிக்கியிலேயே கிடந்த மட்டைகளில் வேறொரு கோளாறு வரும். தலையையும் தண்டையும் ஒட்டியிருக்கும் எபாக்சி பசை சித்திரை வெயிலில் இளகி இளகி வலுவிழந்திருக்கும். தலையை ஒரு கையாலும் தண்டை மறு கையாலும் பிடித்து முறுக்கினால் தெரிந்துவிடும்.

இந்த இரண்டிலும் தேறிய மட்டைக்குப் பெரும்பாலும் வேண்டியது புதுப் பிடி மட்டுமே. காய்ந்து கண்ணாடிபோல வழுக்கும் பிடியை இறுக்கிப் பிடித்துத்தான் ஆக வேண்டும். இறுக்கினால் முன்கை விறைக்கும், வீச்சு கெடும். "என் பழைய மட்டை சரியில்லை" என்று சொல்பவர்களில் பலருக்குக் கோளாறு இங்கேதான்.

பிடி மாற்ற வீட்டிலேயே அரை நாள் போதும். தண்டின் மேல்முனை விட்டம் 0.580 அங்குலமா 0.600 அங்குலமா என்று அளந்து அதற்கேற்ற பிடியை வாங்குங்கள். கொக்கி முனைக் கத்தியால் பழைய ரப்பரைக் கீறி உரிக்க வேண்டும். கிராஃபைட் தண்டில் நேர்க்கத்தியை அழுத்தினால் நார் அறுந்து, பிறகொரு நாள் வீச்சின் நடுவே தண்டு முறியும். உள்ளிருக்கும் பழைய டேப்பைச் சுரண்டிவிட்டு, இருபக்கமும் ஒட்டும் புது டேப்பைச் சுற்றி, மேலே அரை அங்குலம் மிச்சம் விட்டு அதைத் தண்டின் துளைக்குள் மடித்துவிட வேண்டும். புதுப் பிடியின் முனைத் துளையை பந்தை நிறுத்த உதவும் டீ குச்சி ஒன்றால் அடைத்து, உள்ளே டர்பன்டைன் ஊற்றிக் குலுக்கி, அதையே டேப்பின் மேல் கவிழ்த்து, ஈரம் காய்வதற்குள் ஒரே மூச்சில் ஏற்றிவிட வேண்டும். கோணல் இருந்தால் திருப்பிச் சரிசெய்ய ஓரிரு நிமிடம்தான் கிடைக்கும். நாளைக் காலை வரை அந்த மட்டையைத் தொடாதீர்கள்.

பழைய பைக்கு எதிராக வலுவான வாதம் ஒன்று உண்டு. மட்டை மாறவில்லை, நீங்கள் மாறிவிட்டீர்கள். முப்பது வயதில் விறைப்பான எஸ் ரகத் தண்டை வாங்கியவருக்கு ஐம்பதில் அந்த வேகம் இருக்காது. டைனமிக் கோல்டு போன்ற கனமான எஃகுத் தண்டு 130 கிராம் அளவுக்கு எடை கொண்டது. இன்றைய அயர்ன்களுக்கான கிராஃபைட் தண்டுகளில் 60 முதல் 80 கிராம் வரை சாதாரணம். முதுகிலோ மணிக்கட்டிலோ வலி உள்ளவருக்கு ஒன்பதாவது குழிக்குப் பிறகு இந்த வேறுபாடு நன்றாக உறைக்கும்.

அயர்ன்: எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம்

புது அயர்னை ஒரு முறை அடித்துப் பார்த்தவர் சொல்வது: "அதே ஏழாம் நம்பர், இருபது கெஜம் கூடப் போகிறது!" போகும். ஏனென்றால் அது அதே ஏழாம் நம்பர் அல்ல. 1990-கள் வாக்கில் ஏழாம் அயர்னின் முகச் சாய்வு, அதாவது பந்தைத் தொடும் பரப்பு பின்னால் சாயும் கோணம், 35 டிகிரி அளவில் இருந்தது. இன்று கத்துக்குட்டிகளுக்கும் திரும்பி வருபவர்களுக்கும் விற்கும் செட்டுகளில் 28 முதல் 30 டிகிரி. அதாவது பழைய ஐந்தாம் அயர்னுக்கு ஏழு என்று எண் போட்டிருக்கிறார்கள். எடையைக் கீழே இறக்கியதால் பந்து முன்பைவிட எளிதாக எழும்புகிறது என்பதும் உண்மைதான். ஆனால் அந்தக் கூடுதல் தூரத்தில் பெரும்பங்கு எண்ணை மாற்றியதால் வந்தது. அதற்காக மட்டும் முழுச் செட்டையும் மாற்றுவது பணவிரயம்.

மாற்றினால் பின்விளைவும் உண்டு. புதுச் செட்டின் பிட்சிங் வெட்ஜ் 43, 44 டிகிரியில் நிற்கும். உங்களிடம் இருக்கும் பழைய சேண்ட் வெட்ஜ் 56. நடுவில் 12 டிகிரிப் பள்ளம்! நூறு கெஜத்துக்குச் சற்றுக் குறைவான தூரத்தில், அதாவது மதிப்பெண் போகும் இடத்தில், கையில் மட்டையே இருக்காது. அதை நிரப்ப 50 டிகிரியில் இன்னொரு வெட்ஜ் வாங்க வேண்டும். கடைக்காரர் இதைப் பெரும்பாலும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

அயர்னைப் பொறுத்தவரை என் தீர்ப்பு: வீட்டில் இருப்பது பின்புறம் குழிவான ரகமாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். கத்திபோல மெலிந்த பிளேடு ரகமாக இருந்தால் விற்றுவிட்டுக் குழிவு ரகத்தைச் செகண்ட் ஹேண்டாக எடுங்கள். எடையை ஓரத்துக்குத் தள்ளினால் தப்பாகப் பட்ட பந்தும் ஓரளவு நேராகப் போகும் என்ற கொள்கையில் பிங் நிறுவனம் 1980-களில் ஐ2 செட்டைக் கொண்டுவந்தது. நன்றாக வைத்திருந்த ஐ2 இன்றும் ஆடத் தகுந்தது. மூன்று, நான்காம் அயர்ன்களை மட்டும் இரக்கமில்லாமல் வெளியே எடுத்துவிட்டு, அவற்றுக்குப் பதிலாக எளிதாக அடிக்கக்கூடிய ஹைபிரிட் மட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

பெட்டிச் செட்டு

வில்சன், கேலவேயின் ஸ்ட்ராட்டா, டெக்கத்லானின் இனெசிஸ் என்று பல பெயர்களில் கிடைக்கிறது. டிரைவர், ஒரு ஃபேர்வே உட், ஹைபிரிட், சில அயர்ன்கள், வெட்ஜ், பட்டர் (பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டை), பை எல்லாம் ஒரே விலையில். யோசிக்க வேண்டியதில்லை, போலியாக இருக்குமோ என்ற பயமில்லை, மட்டைகள் ஒன்றுக்கொன்று பொருந்தும். பலவீனம் எங்கே என்றால், தண்டின் விறைப்பில் தேர்வு அநேகமாக இருக்காது, பட்டரும் வெட்ஜும் ஒப்புக்குப் போட்டவை, திரும்ப விற்றால் விலை போகாது. ஆட்டத்தைப் புதிதாகத் தொடங்குபவருக்கு இது நல்ல வழி. முன்பு ஓரளவு நன்றாக ஆடியவர் பட்டரின் உணர்விலேயே சலித்துப்போவார்.

இதே வரிசையில் கிடைக்கும் அரைச் செட்டுகளை நான் முழுச் செட்டுக்கு மேலாகவே மதிக்கிறேன். 1916-இல் சிக் எவன்ஸ் அமெரிக்க ஓபன் பட்டத்தை வென்றது ஏழே மட்டைகளுடன். அப்போது அவர் எடுத்த 286 வீச்சுகள் என்ற சாதனை எண்ணிக்கை 1936 வரை நின்றது. ஊட்டி, கொடைக்கானல் திடல்களின் ஏற்ற இறக்கத்தில் பையைத் தானே சுமப்பவருக்கு ஏழு மட்டையின் அருமை விளக்காமலே புரியும்.

கைமாறிய மட்டை

சிக்கனத்துக்கு இதுதான் அரசன், கண் இருந்தால். டிரைவரை எடுத்துக்கொள்வோம். 1991-இல் கேலவேயின் பிக் பெர்த்தா வந்தபோது அதன் 190 சி.சி. தலையைப் பார்த்து ஊரே வாய் பிளந்தது. 2004-இல் தலையின் கொள்ளளவுக்கு 460 சி.சி. என்று விதி வகுப்பவர்கள் வரம்பு கட்டினார்கள். முகத்தின் துள்ளலுக்கும் தனி வரம்பு உண்டு. முன்னணி நிறுவனங்கள் எல்லாம் எப்போதோ அந்த இரு சுவர்களையும் தொட்டுவிட்டன. அதன் பிறகு நடந்த முன்னேற்றம் பெரும்பாலும் நடுவில் படாத அடிகளுக்குக் கிடைக்கும் மன்னிப்பில்தான். அதனால் 1990-களின் டிரைவர் பரணில் இருந்தால் அதை அலங்காரமாக மாட்டிவைக்கலாம். 2017-இல் வந்த பிங் ஜி400 போன்ற ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால், புது மாடலின் முழு விலை கொடுப்பவரைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டியதில்லை.

வாங்குமுன் சோதனை அவசியம். டிரைவரின் முகம் சற்றே வெளிப்புறம் புடைத்திருக்க வேண்டும். ஒரு அடிக்கோலின் விளிம்பை முகத்தின் மேல் நிறுத்திப் பாருங்கள். நடுவில் தொட்டு இருபக்கமும் லேசாக ஆடினால் சரி. ஆடாமல் தட்டையாக உட்கார்ந்தால் முகம் உள்வாங்கிவிட்டது, வேண்டாம். தலையின் மேற்பகுதியும் முகமும் சேரும் விளிம்பில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெயிலில் திருப்பிப் பாருங்கள். சாய்வை மாற்றும் வசதி உள்ளதென்றால் அதற்குரிய திருகுக் கருவியைக் கேட்டு வாங்குங்கள்.

அயர்னில் செட்டு கலவையாகிவிட்டதா என்று பார்க்க வேண்டும். பிங் அயர்ன்களில் கழுத்தருகே வரிசை எண் இருக்கும். செட்டு முழுவதும் அதே எண் இருந்தால் ஒன்றாகப் பிறந்தவை. தலையிலுள்ள வண்ணப் புள்ளி, மட்டை தரையில் நிற்கும் கோணத்தைச் சொல்கிறது. கறுப்பு என்றால் வழக்கமான கோணம். உயரமானவருக்கென்று கோணம் மாற்றிய செட்டைக் குட்டையானவர் வாங்கினால் பந்து விடாமல் இடப்பக்கம் ஓடும், குற்றம் வீச்சின் மேல் விழும்.

எங்கே வாங்குவது? இணைய விளம்பரங்களைவிட நான் நம்புவது திடலில் பை சுமக்கும் கேடிகளை. யார் புதுச் செட்டு வாங்கினார், யாருடைய பழைய செட்டு சும்மா கிடக்கிறது, எந்த மட்டை கல்லில் பட்டது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. வாங்கித் தருபவருக்குக் கையில் ஏதாவது கொடுப்பது முறை. இணையத்தில் புத்தம் புதிய மேல்தட்டு டிரைவர் கால் விலைக்குக் கிடைக்கிறது என்றால் அது போலி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

போன ஆண்டு மாடல்

கேலவேயும் டெய்லர்மேடும் ஏறக்குறைய ஆண்டுதோறும், ஆண்டின் தொடக்கத்தில் புது டிரைவரை இறக்குகின்றன. டைட்லிஸ்ட் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. புதியது வந்ததும் பழையது சரியும். உத்தரவாதத்தோடு புதுப்பொருள் வேண்டும், அடித்துப் பார்த்துத் தண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பவருக்கு இது ஏற்றது. டிரைவருக்கும் ஹைபிரிடுக்கும் மட்டும் இந்த வழியைப் பரிந்துரைப்பேன். அயர்னில் விலைச் சரிவு அந்த அளவுக்குப் பலன் தராது.

புதிதாகவே வாங்க வேண்டியதும் வாங்கவே வேண்டாததும்

வெட்ஜை மட்டும் புதிதாக வாங்குங்கள். அதன் வேலையே முகத்திலுள்ள வரிப்பள்ளங்களில்தான் இருக்கிறது. பங்கர் எனும் மணற்குழிகளின் மணல் அவற்றை மழுக்கிவிடும். மழுங்கியதைச் செகண்ட் ஹேண்டில் வாங்குவது தேய்ந்த டயரை வாங்குவதுபோல. 2010-க்கு முந்தைய கூர்மையான பள்ளங்கள் கொண்ட வெட்ஜ் கைவசம் இருந்தால் தயங்க வேண்டாம். அத்தகைய பள்ளங்களுக்கு 2010-இல் வந்த கட்டுப்பாடு உயர்மட்டப் போட்டிகளுக்கானது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் அதைக் கேட்பாரில்லை.

பட்டரில் ஒரு பைசாவும் செலவழிக்காதீர்கள். பிங் நிறுவனத்தின் கார்ஸ்டன் சோல்ஹைம் 1966-இல் ஒரு இசைத்தட்டின் உறைமேல் கிறுக்கிய ஆன்சர் வடிவத்தைத்தான் இன்றும் பாதி நிறுவனங்கள் மாற்றி மாற்றி விற்கின்றன. உங்கள் பழைய பட்டர் போதும்.

என்னிடம் கேட்டால் கையிருப்பை இப்படிப் பிரிப்பேன்: பழைய அயர்னுக்குப் பிடி மாற்றிய பிறகு மிஞ்சுவதில் பாதி, ஐந்தாறு ஆண்டுப் பழைய டிரைவருக்கும் ஒரு ஹைபிரிடுக்கும். அடுத்த கால் பங்கு ஒரு புது வெட்ஜுக்கு. கடைசிக் கால் பங்கு, பயிற்சித் திடலில் ஆசிரியரிடம் சில வகுப்புகளுக்கும் கூடை கூடையாய்ப் பந்துக்கும். மூன்று மாதம் அடித்த பிறகு வீச்சு நிலைபெறும். தண்டின் விறைப்பைப் பற்றிய முடிவை அப்போது எடுத்தால் போதும்.

இடக்கைக்காரர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு உதவாது. நம் ஊர்ச் செகண்ட் ஹேண்டுச் சந்தையில் அவர்களுக்கான மட்டை எப்போதாவதுதான் தலைகாட்டும்; வந்தாலும் விறைப்பும் நீளமும் பொருந்தாது. அவர்கள் பெட்டிச் செட்டில் தொடங்கிவிட்டு, வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் யார் என்று விசாரித்து வைப்பதே நடக்கக்கூடிய வழி. வருகிறவரிடம் டிரைவர் தலையையும் தண்டையும் கழற்றித் தனித்தனியாகக் கட்டச் சொல்லுங்கள். முழு நீளமாக வந்தால் விமானப் பயணத்தில் தண்டின் கழுத்துதான் முதலில் போகும்.