பைப்பர் ஜே-3 கப்: ஐந்து மைல் வேகம் கூடினாலும் காட்டிக்கொடுத்துவிடும்

செஸ்னா 172 என்ற பயிற்சி விமானத்தில் பழகிவிட்டு, வாலில் சிறு சக்கரம் கொண்ட இந்தச் சின்ன விமானத்தில் ஏறுபவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது: இதற்கு லேசில் தரையிறங்க மனசு வராது.

நான் ஓட்டுவது 1946ஆம் ஆண்டு விமானம். அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் லாக் ஹேவனில் தயாரானது, 65 குதிரைத்திறன் கான்டினென்டல் எஞ்சின். ஸ்டார்ட்டர் கிடையாது, ப்ரொப்பெல்லரைக் கையால் சுழற்றித்தான் கிளப்ப வேண்டும். இறங்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் தாழ்த்தும் ஃபிளாப்பும் கிடையாது.

இறங்க வரும்போது மணிக்கு 55 மைல் வைத்துக்கொள்கிறேன். ஸ்டால் ஆவது, அதாவது இறக்கையின் தூக்குவிசை போதாமல் போவது, 38க்குப் பக்கத்தில். 60இல் வந்தால்தான் என்ன என்று தோன்றும். ஆனால் அந்த ஐந்து மைலுக்கே ஆற்றல் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். இறக்கையின் ஒரு சதுர அடி தாங்குவதோ ஏழு பவுண்டுக்கும் குறைவு, 172இல் பாதிதான். அதனால் கூடுதல் வேகம் சீக்கிரம் கரையாது. ரன்வே மேலேயே மிதந்துகொண்டு போகும். அவசரப்பட்டு முன்சக்கரங்களைத் தரையில் வைத்தால், எடை மையம் அவற்றுக்குப் பின்னால் இருப்பதால் வால் தாழும், மூக்கு எழும், மறுபடியும் காற்றில் இருப்பீர்கள்.

இறங்க வரும்போது உயரம் அதிகமாக இருந்தால் ஸ்லிப், அதாவது பக்கவாட்டில் சறுக்கி இறங்குவது, இருக்கிறது. ஸ்டிக்கை ஒரு பக்கம் சாய்த்து எதிர்ப்பக்க ரட்டர் (வாலிலுள்ள சுக்கான்) பெடலை மிதித்தால், வேகம் ஏறாமல் மளமளவென்று இறங்கும். இதை இவ்வளவு சுகமாகச் செய்யும் விமானம் வேறு எதையும் நான் ஓட்டியதில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த வலப்பக்கக் கதவுதான். பறக்கும்போது திறந்தே வைக்கலாம். கீழ்ப்பாதி தொங்கிக்கொண்டிருக்கும், ஸ்டால் நெருங்க நெருங்க அதுவே மெல்ல மேலே எழும். தரைக்கு ஓரடி உயரத்தில் ஸ்டிக்கைப் பின்னால் இழுத்துக்கொண்டே வரும்போது கதவு எழுவது ஓரக்கண்ணில் தெரியும். அப்புறம் மூன்று சக்கரமும் ஒன்றாகத் தொடும். வேகமானியைப் பார்க்கவே வேண்டாம்.

குறைகளும் உண்டு. தனியாக ஓட்டும்போது பின்சீட்டில்தான் உட்கார வேண்டும்; மூக்கு தூக்கியிருக்கும்போது முன்னால் ஒன்றும் தெரியாது, ரன்வேயின் இரண்டு ஓரங்களைப் பார்த்துத்தான் நேராக வைக்க வேண்டும். குதிகாலால் அழுத்தும் பிரேக் ரொம்ப அசௌகரியம். நின்று முடியும்வரை ரட்டரில் கால் ஓயக் கூடாது.

கற்றுக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் புல் ரன்வே உள்ள இடமாகத் தேடுங்கள். தார் ரன்வேயில் டயர் பிடித்துக்கொள்ளும், கொஞ்சம் கோணலாகத் தொட்டாலும் விமானம் சட்டென்று சுற்றப் பார்க்கும்.