பழைய மிர்ரர் டிங்கி: மூன்று ஆண்டுகள் ஓட்டிய பிறகு

இந்தச் சின்னப் பாய்ப்படகை முதலில் பார்த்தபோது என் மனைவி, "குளிக்கிற தொட்டிக்கா பாய் கட்டப் போகிறீர்கள்?" என்று கேட்டாள். குற்றம் சொல்ல முடியாது. 3.3 மீட்டர் நீளம். அணியம், அதாவது முன்முனை, கூராக இல்லாமல் வெட்டிவிட்டதுபோல் மொட்டையாக நிற்கும்.

ஜாக் ஹோல்ட், பாரி பக்னெல் இருவரும் வடிவமைத்து, 1963இல் பிரிட்டனின் டெய்லி மிர்ரர் நாளிதழின் ஆதரவில் வெளிவந்த படகு இது. சிவப்புப் பாய் அந்த நாளிதழை நினைவூட்டத்தான். ஒட்டுப்பலகைத் துண்டுகளைச் செப்புக் கம்பியால் தைத்து, தையலின்மேல் கண்ணாடி நார்ப் பட்டையைப் பிசினால் ஒட்டுவார்கள். தச்சு வேலை தெரியாதவரும் வீட்டிலேயே கட்டலாம். 70,000க்கும் மேல் கட்டப்பட்டன. சிக்கலும் அங்கேதான்: வரைபடம் ஒன்று, கட்டிய கைகளோ பலவிதம். படகின் பெயரைக் கேட்டு வாங்கக் கூடாது. அந்த ஒரு படகைத் தட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

நான் தட்டிப் பார்க்கவில்லை. பெயின்ட் பளபளத்தது, மயங்கிவிட்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்து திருப்புளியின் கைப்பிடியால் தட்டினால், நல்ல இடத்தில் "டக்" என்றது, பின்பக்க மூலையில் "பொத்". சுரண்டினேன். பெயின்ட், அதற்குக் கீழே மக்கு, அதற்கும் கீழே ஈரத் தேயிலைத் தூள்போல் உதிர்ந்த மரம். முன்னால் வைத்திருந்தவர் உளுத்த இடத்தை நேர்த்தியாக மறைத்திருந்தார். அந்த நேர்த்தியைப் பழுது பார்ப்பதில் காட்டியிருக்கலாம்.

உளுத்ததை வெட்டி எடுத்துப் புதுப் பலகை பொருத்தினேன். பாலியெஸ்டர் பிசினால் ஒட்டிய பழைய பட்டைகள் பல இடங்களில் மரத்தை விட்டுக் கிளம்பியிருந்தன. சூடு காட்டியதும் வாழைப்பட்டைபோல் உரிந்து வந்தன. அடியில் பச்சை பூத்த செப்புக் கம்பி. மரம் நன்றாகக் காயும்வரை காத்திருந்து, இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் எபாக்சிப் பிசினால் புதுப் பட்டை ஒட்டினேன். ஒரு முறை அவசரப்பட்டு ஒரு கோப்பை நிறையக் கலக்க, அது சூடேறிப் புகைந்து கட்டியாகிவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, அகலமான தட்டில் ஊற்றி வேலை செய்யுங்கள். எபாக்சி வெயில் தாங்காது. மேலே வார்னிஷோ பெயின்டோ கட்டாயம்.

ஓட்டத்தைப் பற்றிச் சொன்னால், இவ்வளவு பொறுமையான படகை நான் கண்டதில்லை. பாயை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிற்றைத் தளர்த்திவிட்டால் கோபம் தணிந்து நின்றுவிடும். பாய்மரம் குட்டை, அதன்மேல் இன்னொரு கழி ஏறி நிற்பதால், இறக்கிய பிறகு எல்லாக் கழிகளும் படகுக்குள்ளேயே அடங்கும். உடல் எடை ஏறத்தாழ 45 கிலோ, இரண்டு பேர் தூக்கிவிடலாம்.

எதிர்க்காற்றில் மட்டும் பிடிவாதம். குட்டை அலை வந்தால் மொட்டை முகம் "பட், பட்" என்று அறைந்து வேகத்தைக் குறைக்கும். திசை திருப்பும்போது லேசான படகு பாதியில் நின்றுவிடுகிறது. முன்பாயை ஒரு கணம் பழைய பக்கத்திலேயே பிடித்துவைத்தால் மூக்கு திரும்பிவிடும். இது புரிய எனக்கு ஒரு பருவம் ஆனது. இரண்டு பெரியவர்கள் உட்கார்ந்தால் முழங்கால்கள் முட்டும். ஒரு பெரியவர், ஒரு பிள்ளை என்றால் கச்சிதம்.

படகு பக்கவாட்டில் நழுவாமல் இருக்கத் தண்ணீருக்குள் இறக்கும் நடுப்பலகையின் கூட்டின் அடியில் மூன்று முறை பூசியும் கசிவு நிற்கவில்லை. மணிக்கு ஒரு கோப்பைத் தண்ணீர் வருகிறது. இருக்கைக்கடியில் ஸ்பாஞ்சு வைத்திருக்கிறேன். பிழிவது என் மகளின் வேலை.