கொடைக்கானலா, தேக்கடியா: பசுமையைப் பராமரிக்கும் கை யாருடையது?

நண்பர்கள் ஐந்து பேர் இரண்டு நாட்களைக் காட்டில் கழிப்பது என்று முடிவு செய்தபோது, தேனியிலிருந்து அரை நாளுக்குள் போய்ச் சேரக்கூடிய இரண்டு இடங்கள்தாம் இறுதியில் மிஞ்சின: கொடைக்கானல், தேக்கடி. இரண்டுமே தம்மைச் சூழலுக்கு உகந்த தலங்களாக முன்னிறுத்திக்கொள்கின்றன. குளிர், விடுதி, சாப்பாடு பற்றியெல்லாம் அதிகம் பேச வேண்டியதில்லை. குளிரை விரும்புகிறவர் கொடைக்கானலுக்கும் யானையைப் பார்க்க விரும்புகிறவர் தேக்கடிக்கும் போவது எல்லோரும் அறிந்ததே. நாங்கள் தேக்கடிக்குப் போனோம். அந்தப் பசுமைப் பெயரை நாள்தோறும் கட்டிக்காப்பது யார் என்ற ஒரே கேள்விதான் எங்கள் முடிவைத் தீர்மானித்தது.

கொடைக்கானல் தன் பெயரைப் பெரும்பாலும் தடைகளின் வழியாகக் காக்க முயல்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் அங்கு செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாயிற்று. 2025 ஏப்ரல் முதல், கோடைப் பருவத்தில் வார நாட்களில் 4,000 வாகனங்கள், வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று உச்ச வரம்பும் வந்தது. ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் பாட்டில்களுக்குத் தடை உண்டு; மீறினால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. இவை எல்லாம் தேவையானவை என்றே கருதுகிறேன். ஆனால் இந்தப் பயணத்துக்குச் சில மாதங்கள் முன்பு குடும்பத்தோடு கொடைக்கானல் சென்றபோது, சாவடியில் எங்கள் காரைச் சோதித்து இரண்டு பாட்டில்களை எடுத்துக்கொண்டார்கள். அதே மலைப்பாதையில் சற்று மேலே ஒரு பெட்டிக்கடையில் குளிர்பானப் பாட்டில்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன, கடைக்குப் பின்னால் இருந்த சரிவில் காலிப் பாட்டில்கள் உருண்டு கிடந்தன. அந்தச் சரிவைச் சுத்தமாக வைத்திருப்பதால் கடைக்காரருக்கோ பயணிக்கோ எந்தப் பயனும் இல்லை. தடை சாவடியோடு நின்றுவிடுகிறது.

தேக்கடியில் வேறொரு வழியில் முயன்றிருக்கிறார்கள். அங்குள்ள பெரியாறு ஏரி 1895-இல் பென்னிகுக் கட்டிய முல்லைப் பெரியாறு அணையால் உருவானது. கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களுக்குப் பாயும் தண்ணீர் தேங்கி நிற்பது அங்கேதான் என்பதால், எங்கள் பக்கத்தாருக்கு அந்தக் காடு வெறும் பொழுதுபோக்கு இடம் அன்று. 1978-இல் அது புலிகள் காப்பகமாயிற்று. ஆனாலும் பட்டை உரிப்பதும் வேட்டையும் நிற்கவில்லை. உலக வங்கி உதவியுடன் 1996-இல் தொடங்கிய சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின்போது, கேரள வனத்துறை ஒரு துணிச்சலான முடிவை எடுத்தது. காட்டில் வயணா என்ற காட்டு இலவங்க மரத்தின் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றுவந்த குழு ஒன்றைச் சிறைக்கு அனுப்புவதற்குப் பதிலாக, சூழல் மேம்பாட்டுக் குழுவாக ஒன்றுதிரட்டி, பயணிகளை அழைத்துச் செல்லும் வழிகாட்டிகளாகவும் காட்டைக் கண்காணிப்பவர்களாகவும் ஆக்கியது. மன்னான், பளியர் பழங்குடியினரும் இத்தகைய குழுக்களில் இருக்கிறார்கள். வசந்தசேனா என்ற பெயரில் பெண்கள் கூலி வாங்காமல் முறை வைத்துக் காட்டைச் சுற்றி வருவதும் 2002 முதல் நடக்கிறது.

நாங்கள் போனது முகாமில் ஓரிரவு தங்கும் நடைப்பயணம். எங்கள் ஐவருக்கும் ஏறத்தாழ அதே எண்ணிக்கையில் வழிகாட்டிகளும், துப்பாக்கி ஏந்திய வனக்காவலர் ஒருவரும் வந்தார்கள். அட்டைப்பூச்சி கடிக்காமல் இருக்க முழங்கால் வரை வரும் காலுறையை அவர்களே எங்களுக்குக் கட்டிவிட்டார்கள். இரண்டாம் மணி நேரத்தில், வழிகாட்டிகளில் மூத்தவர் ஒரு மரத்தின் முன் நின்று, அடிமரத்தில் தடித்து ஆறியிருந்த வடுவை உள்ளங்கையால் தடவினார். "இது பழைய காயம் சார். சுத்தி உரிச்சா மரம் செத்துரும். நாங்க அந்தக் காலத்துல சுத்தித்தான் உரிச்சோம்" என்றார். மறுநாள் காலையில் அடுப்பை அணைத்த பிறகு அவர் சாம்பலுக்குள் விரலை விட்டுச் சூடு பார்த்தார், தண்ணீர் ஊற்றினார், மீண்டும் விரலை விட்டுப் பார்த்தார். எங்கள் தேயிலைப் பொட்டலத்தின் உறை முதற்கொண்டு எல்லாம் அவருடைய சாக்குக்குள் போயின. அவரை மேற்பார்க்க அங்கு எந்த அதிகாரியும் இல்லை. காடு கெட்டால் அவருடைய பிழைப்பும் கெடும். அந்தப் பிணைப்பைப் போன்ற ஒன்றை நான் கொடைக்கானல் மலைப்பாதையில் காணவில்லை.

மலைகளில் நடைமுறைக்கு வந்த தடைகளுக்கு இடையே நீலகிரியின் மதுப் பாட்டில் திட்டம் மட்டும் ஏன் வேறுபட்டு நிற்கிறது என்பதும் இதனால் புரிகிறது. 2022-இல் நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்குக் கூடுதலாகப் பத்து ரூபாய் வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் அதைத் திருப்பித் தரத் தொடங்கினார்கள். குடித்தவர் எறிந்துவிட்டுப் போனாலும், அந்தப் பத்து ரூபாய்க்காகப் பொறுக்கி எடுக்க இன்னொருவருக்குக் காரணம் இருக்கிறது.

தேக்கடியிலும் குறைகள் உண்டு. ஏரிப் படகுச் சவாரி மற்ற இடங்களின் கூட்டச் சவாரிகளிலிருந்து பெரிதாக வேறுபட்டதன்று. 2009 செப்டம்பர் 30 அன்று படகு கவிழ்ந்து 45 பேர் இறந்த துயரமும் அந்த ஏரியில்தான் நடந்தது. தேக்கடியின் நுழைவாயிலான குமுளிக் கடைத்தெருவின் நெரிசலைப் பசுமை என்று யாரும் சொல்லமாட்டார்கள். நான் போனது கூட்டம் குறைந்த மாதத்தில் என்பதால், சபரிமலைப் பருவத்தில் நிலைமை எப்படி என்று என் அனுபவத்தைக் கொண்டு உறுதி கூற முடியாது. மேலும் கொடைக்கானல் மக்கள் குடியிருக்கும் நகரம்; கதவை அடைத்து ஆளை எண்ணி உள்ளே விடும் வசதி ஒரு காப்பகத்துக்கு இருப்பதுபோல் அதற்கு இல்லை. ஆகவே இந்த ஒப்பீட்டில் கொடைக்கானலுக்குக் கொஞ்சம் சலுகை கொடுத்துத்தான் படிக்க வேண்டும்.

நடக்க இயலாத பெற்றோரை அழைத்துச் செல்வோருக்கு நான் இன்னமும் கொடைக்கானலையே சொல்வேன்: வார நாளில், இ-பாஸோடு, எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு. நடக்கத் தெம்புள்ளவர்கள் குமுளிக்கு வண்டி ஏறலாம். படகுச் சீட்டுக்கு வரிசையில் நிற்கும் நேரத்தை மிச்சப்படுத்தி, வழிகாட்டியோடு போகும் நடைக்கு முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள்.