தவளைக் கணக்கெடுப்பு: டார்ச் நடையா, ஒலிப்பதிவுக் கருவியா?

இரவில் டார்ச்சோடு நடந்து தவளைகளைத் தேடுவதா, குரல்களைத் தானாகவே பதியும் கருவியைக் காட்டில் வைத்துவிட்டு வருவதா? மேற்குத் தொடர்ச்சி மலையில் தவளை ஆய்வு தொடங்குபவர்கள் முதலில் தடுமாறும் இடம் இது. வனத்துறை அனுமதி இரண்டுக்குமே வேண்டும்.

செலவு
நடை: தலைவிளக்கு, அட்டைக்கடிக்குக் காலுறை போதும்.
கருவி: விலை கூட. பேட்டரி, மெமரி கார்டு, ஈரத்துக்கு சிலிக்கா ஜெல் என்று நீளும்.

உழைப்பு
நடை: களைப்பு காட்டோடு போய்விடும்.
கருவி: மரத்தில் கட்டிவிட்டு வரலாம். அப்புறம் மணிக்கணக்கில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

எது சிக்கும்
இங்கேதான் பெரிய வித்தியாசம். கத்துவது பெரும்பாலும் ஆண் தவளைதான். பெண், தலைப்பிரட்டை, பாம்பு எதுவும் கருவிக்குத் தெரியாது. டார்ச் ஒளியில்தான் தொண்டைப் பை பலூன்போல உப்பி அடங்குவதையும், ஓடைக்கு மேல் இலையில் ஒட்டிய முட்டைகளையும் பார்க்க முடியும். ஆனால் 2003-இல் அறிவியல் பெயர் பெற்ற ஊதாத் தவளையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு முழுக்க மண்ணுக்குள் இருந்துவிட்டு, மழைக்காலத் தொடக்கத்தில் சில நாள் மட்டும் இனப்பெருக்கத்துக்கு வெளியே வரும். ஆண் மண்ணுக்குள் இருந்தபடியே கூப்பிடும். அந்த நாளில் நீங்கள் அங்கே இருப்பீர்களா? கருவி இருக்கும்.

புது இடத்தில் என்னென்ன வாழ்கின்றன என்று அறிய நடை. ஒரே ஓடையில் எப்போது குரல் தொடங்குகிறது என்று பார்க்கக் கருவி. புதிதாக வருபவருக்கு நான் நடையைத்தான் சொல்வேன். கத்தும் தவளையைக் கண்ணால் பார்த்துப் பழகினால்தான், பதிவில் கேட்பது எது என்று பிடிபடும்.