கிராண்ட் கேன்யன் டூர் புக் பண்றீங்களா? எந்த விளிம்பு என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்

மதுரையிலிருந்து அமெரிக்கா குரூப் டூர் போகிறவர்கள் கவனத்துக்கு. நோட்டீஸில் "கிராண்ட் கேன்யன் நேஷனல் பார்க்" என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, பார்க்குக்கு வெளியே வேறோர் இடத்தைக் காட்டித் திருப்பி அழைத்து வந்துவிடுகிறார்கள். பைபாஸ் ரோட்டுப் பக்கம் இருக்கும் ஒரு டிராவல்ஸ்காரர் எங்களுக்குச் செய்தது இதுதான். புகார் கொடுக்கப் போவதால் பெயரை இங்கே போடவில்லை.

லாஸ் வேகாஸிலிருந்து பஸ் போனது வெஸ்ட் ரிம், அதாவது மேற்கு விளிம்புக்கு. அது ஹுவாலபாய் பழங்குடியினரின் நிலம். 2007இல் திறந்த ஸ்கைவாக் கண்ணாடிப் பாலம் அங்கேதான் இருக்கிறது. 1919இல் உருவான தேசியப் பூங்கா வேறு. மேதர் பாயின்ட், பள்ளத்தாக்குக்குள் இறங்கும் பிரைட் ஏஞ்சல் நடைபாதை எல்லாம் அதன் தெற்கு விளிம்பில். அந்தப் பாதையில் கொஞ்ச தூரமாவது இறங்கி ஏறணும் என்று அப்பா மாசக்கணக்கில் விடியக்காலையில் கீழக்குயில்குடி சமணர் மலைப் படி ஏறிப் பழகியிருந்தார். பஸ்ஸை விட்டு இறங்கியதும், "நடைபாதை எந்தப் பக்கம்?" என்றுதான் முதலில் கேட்டார். தெற்கு விளிம்புக்கு அங்கிருந்து ரோட்டில் இன்னும் நாலு மணி நேரம் ஆகும்.

வெஸ்ட் ரிம்மைக் குறை சொல்லவில்லை. குவானோ பாயின்டில் நின்று கீழே கொலராடோ ஆற்றைப் பார்த்தால் வாயடைத்துப் போகும். அதைச் சொல்லியே கூட்டிப் போயிருக்கலாமே!

வயிறு எரிவது ரசீதைப் பார்த்தால்தான். 2026 ஜனவரியிலிருந்து கிராண்ட் கேன்யன் உட்பட 11 பூங்காக்களில், ஆண்டு பாஸ் இல்லாத வெளிநாட்டவர் 16 வயதோ அதற்கு மேலோ என்றால் தலைக்கு 100 டாலர் கூடுதல். அதைத் தனி வரியாகப் போட்டு எங்கள் மூன்று பேரிடமும் வாங்கியிருக்கிறார். வெஸ்ட் ரிம்மில் அந்தக் கட்டணமே கிடையாது. ஸ்கைவாக் டிக்கெட்டுக்கும் அங்கே நாங்கள்தான் கைக்காசு போட்டோம்.

ஊருக்கு வந்து கேட்டால், "எந்த ஓரத்துல நின்னு பார்த்தாலும் அதே பள்ளம்தான சார்? அடுத்த டூர்ல டிஸ்கவுன்ட் போட்டுத் தர்றேன்" என்கிறார்.

புக் பண்ணுமுன் புரோகிராம் தாளில் "சவுத் ரிம்" என்று எழுதி வாங்குங்கள். வேகாஸிலிருந்து சவுத் ரிம் கிட்டத்தட்ட 450 கிலோமீட்டர், போக மட்டும் நாலரை மணி நேரம். காலையில் கிளம்பி மூன்று, நாலு மணிக்கெல்லாம் ஓட்டலுக்குத் திரும்பலாம் என்று போட்டிருந்தால் அது வெஸ்ட் ரிம்தான்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. நோட்டீஸ், ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழித்துவிடாதீர்கள். எங்களோடு அதே பஸ்ஸில் வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் இன்பாக்ஸுக்கு வாங்க, சேர்ந்தே மனு கொடுப்போம்.