காரைக்குடியில் குவாண்டம் எஸ்பிரெசோ: லைப்ரரி பிழைகளோடு சில வருடங்கள்

பேட்டரிக்கான எலெக்ட்ரோடு பொருள்களைக் கணினியில் கணக்குப் போட்டுப் பார்ப்பது என் வேலை. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 முதல் இயங்கிவரும் ஊர் என்பதால், காரைக்குடியில் இந்த வேலை செய்கிற ஆராய்ச்சி மாணவர்களுக்குப் பஞ்சமில்லை. காலேஜ் ரோட்டு டீக்கடையில் கொஞ்ச நேரம் நின்றால் "மேக் ஆகலைண்ணே" (புரோகிராமைக் கட்டும் மேக் கட்டளை தோற்றுவிட்டது) என்ற புலம்பல் காதில் விழும்.

நான் குவாண்டம் எஸ்பிரெசோ (எலெக்ட்ரான் நிலைக் கணக்கு), லாம்ப்ஸ் (அணுக்களின் அசைவுக் கணக்கு) என்ற இரண்டு புரோகிராம்களையும் சொந்த ஒர்க்ஸ்டேஷனில் கம்பைல் செய்து, அதாவது மூலக் கோடிலிருந்து ஓடும் கோப்பாக மாற்றி, ஓட்டுகிறேன். உபுண்டு லினக்ஸ் 20.04-இல் தொடங்கி இப்போது 22.04. நடுவில் உபுண்டுவின் ரெடிமேட் தொகுப்புகள், கோண்டா, ஸ்பேக் என்ற தொகுப்பு மேலாளர்கள், இன்டெல்லின் கணித லைப்ரரியான எம்கேஎல் என்று எல்லாவற்றோடும் மல்லுக்கட்டியாகிவிட்டது.

வாய்விட்டுக் கத்துகிற பிழைகளால் எனக்குப் பெரிய தொல்லை இருந்ததில்லை. லிங்க் செய்யும்போது, அதாவது கோடையும் லைப்ரரிகளையும் ஒன்றாகச் சேர்க்கும்போது, "அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்" வந்தால், அதோடு வரும் சப்ரூட்டின் பெயரே பாதி விடை. டிஜெம் இல்லை என்றால் மேட்ரிக்ஸ் கணக்கு லைப்ரரியான பிளாஸ் சேரவில்லை. பிடிஜெம் இல்லை என்றால் அதன் பல-ப்ராசசர் வடிவத்தைத் தரும் ஸ்கேலாபேக் சேரவில்லை. லைப்ரரி இருந்தும் இந்தப் பிழை வந்தால் வரிசையைப் பாருங்கள். ஸ்டாட்டிக் லைப்ரரிகளை லிங்க்கர் இடமிருந்து வலமாகப் படிக்கிறது. அதுவரை தேவைப்பட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு மேலே போய்விடும். ஆகவே ஸ்கேலாபேக் முதலில், பிறகு நேரியல் இயற்கணித லைப்ரரியான லாபேக், கடைசியில் பிளாஸ். ஃபூரியர் மாற்றத்துக்கான எஃப்எஃப்டிடபிள்யூ-வின் எம்பிஐ (பல ப்ராசஸ்கள் தகவல் பரிமாறிக்கொள்ளும் முறை) பகுதியும் அப்படியே, மூல லைப்ரரிக்கு முன்னால் வரவேண்டும். எஸ்பிரெசோவில் இதையெல்லாம் மேக்.இன்க் என்ற கம்பைல் அமைப்புக் கோப்பில் கையால் திருத்தலாம். சரி, இது அரை மணி நேர வேலை.

கத்தாத பிழைதான் ஆளைச் சாய்க்கும். ஜூனியர் தம்பி ஒருவன் வந்து, "அண்ணே, நாலு கோர்ல போட்டேன், ஒரு கோரை விட மெதுவா ஓடுது" என்றான். கம்பைல் சுத்தம், எச்சரிக்கை ஒன்றுகூட இல்லை. அவுட்புட்டைத் திறந்தால் ஆரம்ப வரிகள் நான்கு முறை வந்திருந்தன. ஒவ்வொன்றிலும் "1 ப்ராசசரில் ஓடுகிறது" என்ற அறிவிப்பு. அதாவது நான்கு கோர் சேர்ந்து ஒரு கணக்கைப் போடவில்லை. நான்கும் தனித்தனியாக அதே கணக்கை முழுசாகப் போட்டுக்கொண்டிருந்தன. ஒரே கல்யாணத்துக்கு நான்கு சமையல்காரர்கள் ஆளுக்கொரு முழு விருந்து சமைத்து ஒரே அண்டாவில் கொட்டியது மாதிரி. தற்காலிகக் கோப்புகளையும் நான்கும் ஒரே ஃபோல்டரில் எழுதியதால், மிச்சம் இருந்தது குப்பைதான்.

காரணம் கோண்டா. பைத்தானுக்காக எம்பிஐ4பை (எம்பிஐ-யைப் பைத்தானில் பயன்படுத்தும் தொகுப்பு) போட்டபோது அது கூடவே எம்பிச் என்ற எம்பிஐ லைப்ரரியையும் கொண்டுவந்து, பாத்தில் (கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர் பட்டியல்) தன் எம்பிஐரன்னை முன்னால் வைத்துவிட்டது. எஸ்பிரெசோவோ ஓபன்எம்பிஐ என்ற வேறொரு எம்பிஐ லைப்ரரியோடு இணைக்கப்பட்டது. கிளப்பிவிடுகிற எம்பிஐரன்னும் உள்ளே இருக்கும் எம்பிஐ லைப்ரரியும் வேறு குடும்பமாக இருந்தால் ஒன்று சொல்வது மற்றொன்றுக்குப் புரியாது. ஒவ்வொரு ப்ராசஸும் தான் மட்டுமே இருப்பதாக நினைத்துக்கொள்ளும். எந்த எம்பிஐரன் ஓடுகிறது என்று அறிய "விச் எம்பிஐரன்" என்று ஒரு முறை, பிறகு எந்த லைப்ரரியோடு இணைந்திருக்கிறது என்று அறிய ரன் செய்யும் கோப்பின் மேல் எல்டிடி கட்டளை ஒரு முறை. லிப்எம்பிஐ.எஸ்ஓ.40 என்று காட்டினால் ஓபன்எம்பிஐ. முடிவில் 12 இருந்தால் எம்பிச் அல்லது இன்டெல் எம்பிஐ. அன்றிலிருந்து நான் எம்பிஐரன்னை முழுப் பாதையோடுதான் அழைக்கிறேன். கோண்டா டெர்மினல் திறந்ததும் தானாக ஆக்டிவேட் ஆவதையும் நிறுத்திவிட்டேன்.

இன்னொரு வைத்தியம் இங்கே கைமாறிக் கைமாறி ஓடுகிறது: இல்லாத லைப்ரரியின் பெயரில், இருக்கிற லைப்ரரிக்கு ஒரு சிம்லிங்க் (இன்னொரு கோப்பைச் சுட்டும் மாற்றுப் பெயர்) போட்டுவிடுவது. எனக்கு இது அறவே பிடிக்காது. எம்பிச்-இல், எல்லா ப்ராசஸ்களின் குழுவைக் குறிக்கும் எம்பிஐ_காம்_வேர்ல்டு என்பது ஒரு முழு எண். ஓபன்எம்பிஐ-யில் அதுவே ஒரு பாயின்டர் (நினைவக முகவரி). கோப்புக்குப் பெயர் மாற்றினால் உள்ளே இருப்பது மாறிவிடுமா? ஃபோர்ட்ரான் இயக்க லைப்ரரியான லிப்ஜிஃபோர்ட்ரான் 3-ஐக் கேட்கிற புரோகிராமுக்கு 5-ஐக் காட்டுவதும் இதே கதை. 3 என்பது ஜிசிசி கம்பைலரின் 6-ஆம் பதிப்பு வரை, 4 என்பது ஜிசிசி 7, 5 என்பது ஜிசிசி 8 முதல். பழைய சென்ட்ஓஎஸ் 7 லினக்ஸ் கிளஸ்டரில் கம்பைல் செய்ததைப் பென்டிரைவில் எடுத்துவந்தால் இந்தப் பிழை நிச்சயம். திசை மாறினால், அதாவது உபுண்டு 22.04-இல் செய்ததை அங்கே கொண்டுபோனால், லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சி 2.34 இல்லை என்று நிற்கும். அங்கே இருப்பது 2.17. எங்கே ஓட்டப்போகிறோமோ அங்கேயே கம்பைல் செய்யுங்கள்.

எம்கேஎல் வேகமானதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஸ்கேலாபேக்கின் தகவல் பரிமாற்றத்துக்கான அதன் பிளாக்ஸ் லைப்ரரி இன்டெல் எம்பிஐ-க்குத் தனி, ஓபன்எம்பிஐ-க்குத் தனி. மாற்றிச் சேர்த்தாலும் லிங்க் ஆகிவிடும். ஓடும்போது செக்மென்டேஷன் ஃபால்ட் (நினைவகப் பிழை). எல்பி64, ஐஎல்பி64 குழப்பமும் அப்படித்தான்: முதலாவதில் முழு எண் 4 பைட், இரண்டாவதில் 8. இன்டெல்லின் லிங்க் அட்வைசர் பக்கத்தில் உங்கள் கம்பைலரையும் எம்பிஐ-யையும் தேர்வு செய்து, அது தருகிற வரியை அப்படியே ஒட்டுவது உத்தமம்.

22.04-க்கு மாறியபோது பழைய ஃபோர்ட்ரான் கோடுகள் "டைப் மிஸ்மேட்ச்" என்று அடம்பிடித்தன. இது லைப்ரரி கோளாறே அல்ல. ஜிசிசி 10-இலிருந்து, ஒரே சப்ரூட்டினை வெவ்வேறு வகை ஆர்குமென்ட்களோடு அழைப்பதைக் கம்பைலர் பிழையாகவே எடுத்துக்கொள்கிறது. பழைய எம்பிஐ அழைப்புகள் பெரும்பாலும் அந்த ரகம். எஃப்அலவ்-ஆர்குமென்ட்-மிஸ்மேட்ச் என்ற ஃப்ளாகைச் சேர்த்தால் போதும்.

ஸ்பேக் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் பிறந்த கருவி இது. ஒவ்வொரு லைப்ரரியையும் தனி ஃபோல்டரில் வைத்து, ஆர்பாத் மூலம் அந்தப் பாதையை ரன் செய்யும் கோப்புக்குள்ளேயே எழுதிவிடுகிறது. எல்டி_லைப்ரரி_பாத் என்ற லைப்ரரி தேடல் பட்டியலை, பாஷ்ஆர்சி என்ற டெர்மினல் அமைப்புக் கோப்பில் வால் மாதிரி நீட்டிக்கொண்டே போகும் வழக்கம் இதனால் ஒழிந்தது. அந்த ஒரு காரணத்துக்காகவே எனக்குப் பிடிக்கும். குறை என்றால் நேரமும் டிஸ்க் இடமும். ஒரு எஸ்பிரெசோ கேட்டால் அடியிலிருந்து எல்லாவற்றையும் கம்பைல் செய்ய உட்கார்ந்துவிடும். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்துகிற நாளுக்கு முந்தின இரவு நான் அதைத் தொடங்குவதில்லை. யூபிஎஸ் கைவிட்டுப் பாதியில் அணைந்தால் அரைகுறை ஆப்ஜெக்ட் கோப்புகள் தங்கிவிடும். கையால் மேக் செய்கிறவர்களுக்கு அடுத்த முறை "ஃபைல் ட்ரங்கேட்டட்" என்று வரும். மேக் கிளீன் செய்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவதே வழி.

இப்போது அன்றாட வேலைக்கு உபுண்டுவின் ஓபன்எம்பிஐ, ஓபன்பிளாஸ், எஃப்எஃப்டிடபிள்யூ, ஓபன்எம்பிஐ-க்கான ஸ்கேலாபேக், அவ்வளவுதான். புதிய பதிப்பு கட்டாயம் வேண்டுமென்றால் மட்டும் ஸ்பேக். புதிதாகத் தொடங்குகிறவர்களும் உபுண்டுவின் ஏபிடி தொகுப்புகளிலேயே தொடங்கலாம், வேக வித்தியாசத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஓஎம்பி_நம்_த்ரெட்ஸ் = 1 என்பதை மட்டும் ரன் ஸ்கிரிப்டில் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு எம்பிஐ ப்ராசஸுக்குள்ளும் ஓபன்பிளாஸ் எல்லாக் கோரையும் தனக்கே கேட்கும். அப்புறம் மெஷின் மெதுவாக ஓடுகிறதே என்று லைப்ரரியை நோண்ட ஆரம்பித்துவிடுவீர்கள்.